ஸ்டோரேஜ் ஹீட்டர் உள்ள முதல் வீடு: அறை குளிர்ந்தாலும் பில் எகிறினாலும் எங்கே பார்ப்பது?

பிரிட்டனில் நீங்கள் முதன்முதலாக வாங்கிய அல்லது வாடகைக்கு எடுத்த வீடு எரிவாயு இணைப்பு இல்லாத ஃபிளாட்டாக இருந்தால், சுவரோரம் நிற்கும் கனத்த ஸ்டோரேஜ் ஹீட்டர்கள்தான் பெரும்பாலும் அதைச் சூடாக்கும். அவற்றின் உள்ளே அடர்த்தியான கற்கள் அடுக்கப்பட்டிருக்கும். மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் இரவு நேரத்தில் மின்சுருள்கள் அந்தக் கற்களைப் பல நூறு டிகிரி வரை சூடேற்றுகின்றன. பகலில் கற்கள் அந்தச் சூட்டை மெல்ல மெல்ல அறைக்குள் விடுகின்றன. 1978-இல் அறிமுகமான எகானமி 7 என்னும் இருவிலைக் கட்டணம் இந்த ஏற்பாட்டுக்கென்றே பொருந்தியது: இரவில் ஏழு மணி நேரம் யூனிட் விலை குறைவு, மற்ற பதினேழு மணி நேரம் சாதாரண ஒற்றைவிலைக் கட்டணத்தைவிடக்கூட அதிகம். இரவு ஊறவைத்த அரிசிக்குத்தான் மறுநாள் மாவு என்பதுபோல, நேற்று இரவு கல்லில் ஏறிய சூடுதான் இன்றைக்கு முழுவதும். மாலையில் குளிர்ந்த பிறகு குமிழைத் திருகிப் பயனில்லை. வேண்டும்போது போட்டு வேண்டாதபோது நிறுத்தும் பழக்கத்தோடு இதைக் கையாளுபவர்கள்தான் குளிரிலும் இருந்து, பணத்தையும் கூடுதலாகக் கட்டுகிறார்கள்.

கீழே வரும் கணக்குகளுக்கு மட்டும், இரவு யூனிட் 15 பென்ஸ், பகல் யூனிட் 30 பென்ஸ், ஒற்றைவிலைக் கட்டணம் 25 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். விலைகள் அடிக்கடி மாறுவதால், உங்கள் பில்லில் உள்ள விலைகளை இட்டு மறுபடி கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் குறைக்கும் முன்: மீட்டரை இரண்டு முறை படம் எடுங்கள்

குறை எதுவாக இருந்தாலும் இந்தச் சோதனையை முதலில் செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் ஹீட்டரில் தேடப்படும் பல குறைகள் உண்மையில் மீட்டரிலும் கட்டணத்திலும்தான் இருக்கின்றன. படுக்கப் போகும் முன் மீட்டரில் தெரியும் இரண்டு எண்ணிக்கைகளையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் மறுபடி எடுங்கள். ஹீட்டர்கள் சூடேறிய இரவில் எந்த எண்ணிக்கை பெரிதாகக் குதித்திருக்கிறதோ, அதுதான் உங்கள் மலிவு விலை எண்ணிக்கை. "ரேட் 1", "ரேட் 2" என்னும் பெயர்களை நம்ப வேண்டாம்; எது இரவு, எது பகல் என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும்.

அடுத்து, பில்லில் அதே எண்ணிக்கைக்கு எதிரே எந்த விலை போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இரவு எண்ணிக்கைக்குப் பகல் விலையும் பகல் எண்ணிக்கைக்கு இரவு விலையும் மாறிப் போடப்பட்டிருந்தால், வீட்டின் மிகப் பெரிய செலவு முழுவதும் இருமடங்கு விலையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டு எண்ணிக்கைக்கும் ஒரே விலை போடப்பட்டிருந்தால், உங்களுக்கு முன் குடியிருந்தவரோ நீங்களோ மின்நிறுவனத்தை மாற்றும்போது ஒற்றைவிலைக் கட்டணத்துக்குப் போய்விட்டிருக்கலாம். ஸ்டோரேஜ் ஹீட்டர் உள்ள வீட்டுக்கு இதைவிட மோசமான கட்டணம் வேறில்லை.

படங்களை இணைத்து நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரத்துக்குள் தீர்வு வராவிட்டால், மின்நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் எனர்ஜி ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். நிறுவனம் தன் தவறைத் திருத்திவிட்டுப் பழைய பாக்கி என்று ஒரு தொகையைக் கேட்டால், தவறு உங்களுடையதாக இல்லாதவரை, பன்னிரண்டு மாதத்துக்கு முந்தைய பயன்பாட்டுக்கு அவர்கள் பணம் கேட்க முடியாது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

குறை: காலையில் அறை அனலாக இருக்கிறது, மாலை ஆறு மணிக்கெல்லாம் குளிர்ந்துவிடுகிறது

எல்லோரும் சொல்லும் குறை இதுதான், காரணங்களும் இதற்குத்தான் அதிகம். வரிசையாகப் பார்க்க வேண்டும்.

பழைய வகை ஹீட்டர்களின் மேல்புறத்தில், சிறு மூடிக்கு அடியில், இரண்டு குமிழ்கள் இருக்கும். "இன்புட்" அல்லது "சார்ஜ்" என்பது இரவில் எவ்வளவு சூடு ஏற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. "அவுட்புட்" என்பது, சில ஹீட்டர்களில் "பூஸ்ட்" என்றும் அச்சிடப்பட்டிருக்கும், கற்களின் மீது காற்றை ஓடவிடும் உள்மடலைத் திறந்து மூடுகிறது. இந்தப் "பூஸ்ட்" மின்சாரம் எதையும் கூடுதலாக இழுப்பதில்லை. இருக்கிற சூட்டை வேகமாகக் காலி செய்கிறது, அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் தனி சுவிட்சோடு வரும் வேறுவகை ஹீட்டர்களில் "பூஸ்ட்" என்றால் பகல் விலையில் ஓடும் தனி மின்சுருள் என்று பொருள். உங்களுடையது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் காரணம், அவுட்புட் குமிழை உயர்ந்த எண்ணிலேயே விட்டுவிட்டுப் படுப்பது. மடல் திறந்திருக்கும்போது ஒருபுறம் கற்கள் சூடேறுகின்றன, மறுபுறம் அந்தச் சூடு நீங்கள் உறங்கும் நேரத்திலேயே வெளியேறுகிறது. பல ஹீட்டர்களில் அறையின் வெப்பம் கூடும்போது மடல் தானாகவே மூடிக்கொள்ளும். ஆனால் ஆளில்லாத குளிர்ந்த அறையில் குமிழ் உச்சத்தில் இருந்தால், அறை போதிய சூட்டை எட்டாததால் மடல் மூடாமலே நாள் முழுவதும் சூட்டைக் கொட்டிவிடும். ஆகவே படுக்கும் முன் அவுட்புட்டை 1-க்குக் கொண்டுவாருங்கள், காலையில் அதைத் தொடாதீர்கள். மடல் மூடியிருந்தாலும் பெட்டியின் உடல் வழியே ஓரளவு சூடு கசிந்துகொண்டேதான் இருக்கும். காலை நேரத்துக்கு அதுவே போதும். வேலைக்குப் போய் மாலையில் திரும்புபவர், வந்த பிறகு 3 அல்லது 4-க்கும், இரவு எட்டு மணிக்கு மேல் தேவைப்பட்டால் உச்சத்துக்கும் உயர்த்தலாம்.

இரண்டாவது காரணம், மடல் சிக்கிக்கொள்வது. குமிழ் திரும்பினாலும் உள்ளே மடல் திரும்பாமல் போவது பழைய ஹீட்டர்களில் நடக்கக்கூடியதே. காலை எழுந்ததும், இரவு முழுவதும் அவுட்புட் 1-இல் இருந்த நிலையில், முன்புறச் சல்லடைக்கு நேரே கையை நீட்டிப் பாருங்கள். மேல் தகடு சூடாக இருப்பது இயல்பு. ஆனால் சல்லடை வழியே அனல்காற்று தெளிவாக வீசினால் மடல் மூடவில்லை. இதைச் சரிசெய்ய மின்பணியாளர் வேண்டும். வெளித்தகட்டைக் கழற்றி நீங்களே பார்க்க வேண்டாம்: பெரிய ஹீட்டர் நூறு கிலோவைத் தாண்டும், உள்ளே கற்களின் சூடு சுவிட்சை நிறுத்திய பிறகும் மணிக்கணக்கில் இருக்கும்.

மூன்றாவது காரணம், இன்புட் போதாமை. குளிர்காலத் தொடக்கத்தில் நடு எண்ணில் வைத்து, மாலையில் சூடு போதவில்லையென்றால் ஒரே ஒரு எண் கூட்டி, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். இன்று மாற்றியது நாளைக்குத்தான் தெரியும் என்பதால், பொறுமையில்லாமல் தினமும் திருகுபவருக்கு எந்த எண் சரியென்று கடைசிவரை தெரியாது.

நான்காவது, பலரும் கண்டுகொள்ளாதது: மின்சுருள்களில் ஒன்று செத்துப்போயிருப்பது. ஹீட்டர் ஓரளவு சூடாவதால் வேலை செய்வதாகவே தோன்றும். பழைய வகைகளில் ஒரு சுருள் ஏறத்தாழ 0.85 கிலோவாட், சிறிய ஹீட்டரில் இரண்டு சுருள்கள் சேர்ந்து 1.7, நடுத்தரத்தில் மூன்று சேர்ந்து 2.55, பெரியதில் நான்கு சேர்ந்து 3.4 கிலோவாட். ஸ்மார்ட் மீட்டரோடு வந்த சிறு திரை உங்களிடம் இருந்தால், இதைக் கருவி எதுவுமின்றிக் கண்டுபிடிக்கலாம். மலிவு நேரம் தொடங்கியதும் மற்ற ஹீட்டர்களையும் தண்ணீர்த் தொட்டியின் ஹீட்டரையும் சுவர் சுவிட்சில் நிறுத்திவிட்டு, சந்தேகப்படும் ஒன்றை மட்டும் ஓடவிட்டுத் திரையைப் பாருங்கள். ஃபிரிட்ஜ் போன்றவை இழுப்பது சொற்பம். பெரிய ஹீட்டருக்கு 3.4-க்குச் சற்று மேல் காட்ட வேண்டிய இடத்தில் 2.6 என்று காட்டினால், நான்கில் ஒரு சுருள் போய்விட்டது. பார்த்து முடித்ததும் நிறுத்தியவற்றைத் திரும்பப் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் நாளை வீடு முழுவதும் குளிர்தான். சுருளை மட்டும் மாற்ற முடியும். அதற்காக முழு ஹீட்டரையும் மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னால், இன்னொருவரிடமும் விலை கேளுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மாலை குளிர்ந்தால், ஹீட்டர் அந்த அறைக்குச் சிறியது, அல்லது சூடு கதவிடுக்கு, சன்னலிடுக்கு வழியாகப் போகிறது. இடுக்குகளை அடைப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு என்பதால் அதை முதலில் செய்யுங்கள்.

குறை: ஹீட்டர் இரவில் சூடேறவே இல்லை

ஒரு ஹீட்டர் மட்டும் என்றால், சுவரில் அதற்குரிய சுவிட்ச் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஹீட்டருக்கு அருகில் இரண்டு சுவிட்சுகள் இருந்தால் ஒன்று இரவு மின்சாரம், மற்றது இருபத்து நான்கு மணி நேர மின்சாரம். சுவிட்ச் சரி, ஆனாலும் குளிர்ந்தே இருக்கிறது என்றால், அளவுமீறிய வெப்பத்தைத் தடுக்கும் பாதுகாப்புத் துண்டிப்பு வேலை செய்திருக்கக்கூடும். ஹீட்டரின் மேல் துணி காயப்போட்டதும், சோபாவை ஒட்டிப் போட்டதும், நீண்ட திரைச்சீலை அதன் மேல் விழுந்ததும் இதற்கு வழக்கமான காரணங்கள். நம் வீடுகளில் குளிர்காலத்தில் துணி காயவைக்க வேறு இடம் கிடைப்பதில்லை என்பது உண்மைதான். என்றாலும் ஸ்டோரேஜ் ஹீட்டரின் மேல் மட்டும் வேண்டாம், அது தீ விபத்தில் முடியும். சில ஹீட்டர்களில் துண்டிப்பு ஆறியதும் தானே மீளும், சிலவற்றில் மின்பணியாளர்தான் மீட்டுத் தர வேண்டும்.

எல்லா ஹீட்டர்களும் ஒரே இரவில் நின்றுபோனால், ஹீட்டர்களைத் தொடவே தேவையில்லை. இரவு மின்சாரத்துக்கென்று தனியாக இருக்கும் இணைப்புப் பெட்டியில் பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழவில்லையென்றால், மலிவு நேரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச் கருவி பழுதாகியிருக்கும். பழைய வீடுகளில் இந்தக் கருவி, பிபிசியின் 198 கிலோஹெர்ட்ஸ் நீளலை வானொலி ஒலிபரப்போடு கலந்து வரும் சமிக்ஞையைக் கேட்டுத்தான் இயங்கியது. ரேடியோ டெலிஸ்விட்ச் எனப்படும் அந்தச் சேவையை 2025 ஜூன் 30 முதல் பகுதி பகுதியாக நிறுத்தத் தொடங்கினார்கள். சமிக்ஞை போன பிறகு ஹீட்டர் எப்போதும் நின்றே இருக்கலாம், அல்லது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கலாம், அல்லது தவறான நேரத்தில் ஓடலாம். இரண்டாவதும் மூன்றாவதும் இன்னும் ஆபத்தானவை; வீடு சூடாக இருப்பதால் பில் வரும்வரை யாருக்கும் தெரியாது. மீட்டருக்கு அருகில் "ரேடியோ டெலிஸ்விட்ச்" அல்லது "டெலிஸ்விட்ச்" என்று எழுதிய தனிப்பெட்டி இருந்தால், மீட்டரை மாற்றித்தரும்படி மின்நிறுவனத்தை உடனே கேளுங்கள். மாற்றும்போது, ஸ்டோரேஜ் ஹீட்டர் இருப்பதையும் இரவு மின்சுற்று தனியாக ஓடுவதையும் தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டு ஒற்றைவிலை ஸ்மார்ட் மீட்டர் மாட்டப்பட்டுவிட்டால் திரும்பவும் அலைய வேண்டியிருக்கும்.

இலையுதிர்காலத்தில் முதன்முறையாகப் போட்டதும் பாதுகாப்பு சுவிட்ச் விழுவது வேறொரு கதை. கோடை முழுவதும் ஓடாமலிருந்த சுருள்களுக்குள் ஈரம் ஏறியிருக்கலாம். திரும்பத் திரும்ப மேலே தள்ளிப் பார்க்காமல் மின்பணியாளரை அழையுங்கள்.

குறை: நண்பகலில் புழுக்கம் தாங்காமல் சன்னலைத் திறக்க வேண்டியிருக்கிறது

இன்புட் அதிகம், வேறொன்றுமில்லை. மார்ச், ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் நேற்றைய குளிருக்கு ஏற்றிய சூடு இன்றைய வெயிலுக்கு வேண்டாததாகிவிடும். நாளைய வானிலையைப் படுக்கும் முன் பார்த்து, இதமான நாள் வருமென்றால் இரண்டு எண் குறையுங்கள். பெரிய ஹீட்டர் முற்றிலும் ஆறிய நிலையிலிருந்து ஏழு மணி நேரமும் முழுதாக ஓடினால் 23.8 யூனிட் இழுக்கும். நம் கணக்குப்படி ஒரே இரவுக்கு ஒரே ஹீட்டருக்கு 3 பவுண்டு 57 பென்ஸ். சன்னல் வழியே போவது அதில் ஒரு பங்கு. கோடையில் குமிழைக் குறைப்பதோடு நில்லாமல் சுவர் சுவிட்சையே நிறுத்திவிடுங்கள்.

குறை: ஹீட்டர்கள் ஒழுங்காக ஓடுகின்றன, ஆனாலும் பில் அதிகம்

இங்கே குற்றவாளி பெரும்பாலும் பகல் யூனிட்தான். ஒரு வருடத்தின் இரவு யூனிட்களை மொத்த யூனிட்களால் வகுத்துப் பாருங்கள். ஒரு மாதத்தை வைத்துக் கணித்தால் ஏமாந்துபோவீர்கள். நாம் எடுத்துக்கொண்ட விலைகளில், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்காவது இரவில் செலவானால்தான் இருவிலைக் கட்டணம் ஒற்றைவிலைக்கு ஈடாகும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு யூனிட்டும் ஆதாயம். ஹீட்டர்களை முறையாகப் பயன்படுத்தும் வீடு இதை எளிதில் தாண்டிவிடும். தாண்டவில்லையென்றால் மூன்று இடங்களில் தேடுங்கள்.

ஒன்று, மாலைக் குளிருக்காக வாங்கி வைத்த பிளக் ஹீட்டர். 2 கிலோவாட் ஹீட்டர் தினமும் மூன்று மணி நேரம் ஓடினால் 6 யூனிட், பகல் விலையில் 1 பவுண்டு 80 பென்ஸ். அதே ஆறு யூனிட்டை இன்புட்டில் ஓர் எண் கூட்டி இரவில் ஏற்றினால் பாதி விலை.

இரண்டு, குளிக்கும் தண்ணீர். தொட்டியில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு ஹீட்டர்கள் இருக்கும். கீழே உள்ளது இரவில் முழுத் தொட்டியையும், மேலே உள்ளது அவசரத்துக்கு மேல்பாதியை மட்டும் பகலிலும் சூடாக்குவதற்கு. 210 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 12 யூனிட் வேண்டும். பகல் "பூஸ்ட்" சுவிட்சை யாரோ ஒருநாள் அமுக்கிவிட்டு அப்படியே விட்டிருப்பதுதான் நான் முதலில் சந்தேகப்படும் இடம். மின்தடைக்குப் பின் நேரக்கருவியின் கடிகாரம் தப்பிப்போவதும் உண்டு. செலவைக் குறைப்பதற்காக 60 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டாம். வெதுவெதுப்பான தொட்டியில் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

மூன்று, மலிவு நேரத்தைத் தவறாக நினைத்திருப்பது. அந்த ஏழு மணி நேரம் எப்போது தொடங்கும் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு. பல மீட்டர்கள் ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்திலேயே ஓடுவதால், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்: குளிர்காலத்தில் 12.30 முதல் 7.30 வரை என்றால் கோடையில் 1.30 முதல் 8.30 வரை. புதிய மின்னணு ஹீட்டர்களில் மலிவு நேரத்தை நாமே பதிய வேண்டியிருந்தால், அதைத் தவறாகப் பதிவதும் இதே விளைவைத் தரும். வாஷிங் மெஷினையும் நள்ளிரவுக்கு மாற்றலாமே என்று தோன்றும். எல்லோரும் உறங்கும்போது அதையும் டிரையரையும் ஓடவிடாதீர்கள் என்பதே தீயணைப்புத் துறைகளின் அறிவுரை. காலையில் எழுந்து, மலிவு நேரம் முடியும் முன் ஓடவிடுவது நல்லது.

குறை: சத்தம், நாற்றம், சுவரில் பூஞ்சை

டிக் டிக் என்னும் சத்தம் உலோகம் விரிவதால் வருவது, கவலை வேண்டாம். பருவத்தின் முதல் இரவில் வரும் தூசி கருகும் வாடை ஓரிரு நாளில் போய்விடும். பிளாஸ்டிக் உருகும் வாடையோ மீன் நாற்றமோ வந்தால் சுவிட்சை உடனே நிறுத்திவிட்டு மின்பணியாளரை அழையுங்கள். பூஞ்சைக்கு, ஆளில்லாத அறையின் ஹீட்டரை முழுவதும் நிறுத்தாமல் குறைந்த எண்ணில் விடுவதும், சமைக்கும்போதும் குளிக்கும்போதும் வெளியேற்று விசிறியைப் போடுவதும் உதவும்.

குறை: எதைச் செய்தும் தீரவில்லை, மாற்றிவிடலாமா?

வாடகை வீடென்றால் முடிவு உங்களுடையதல்ல. பொருத்தப்பட்ட ஹீட்டரைப் பழுதுபார்த்து ஓடும் நிலையில் வைத்திருப்பது, இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டின் வீட்டுரிமையாளர் - குடியிருப்போர் சட்டப்படி, பொதுவாக உரிமையாளரின் பொறுப்பு. எழுத்தில் கேளுங்கள்.

சொந்த வீடென்றால், களிமண் நிரப்பிய ரேடியேட்டர், நவீன பேனல் ஹீட்டர் என்று விற்க வருபவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எந்த நேரத்து மின்சாரத்தில் ஓடும்? மின்சுருளால் சூடாகும் எந்த ஹீட்டரும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். அதில் பழையதும் புதியதும் ஒன்றே. இரவில் 15 பென்ஸுக்கு வாங்கிய சூட்டைப் பகலில் 30 பென்ஸுக்கு வாங்கவைப்பதற்கு "சிக்கனம்" என்று பெயரிட்டால் அது விற்பனைப் பேச்சு. எப்போதாவது வந்து தங்கும் வீட்டுக்கு மட்டும் பேனல் பொருந்தலாம். வெளியே உள்ள வெப்பத்தை வீட்டுக்குள் இழுத்துத் தரும் ஹீட் பம்ப், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் சூடு தரும் என்பதால் அது தனி வகை, ஆனால் ஃபிளாட்டில் கட்டட உரிமையாளரின் அனுமதி தேவைப்படும். மற்றபடி, 2018 ஜனவரிக்குப் பின் விற்பனைக்கு வந்த ஸ்டோரேஜ் ஹீட்டர்களில் மின்னணு வெப்பக் கட்டுப்பாடு கட்டாயம். எவ்வளவு சூடு ஏற்ற வேண்டும் என்பதை அவற்றில் பலவும் தாமே கணித்துக்கொள்ளும், குமிழைத் தினமும் திருக வேண்டியதில்லை. விலை அதிகம் என்பதால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாமல் வரவேற்பறையில் தொடங்கலாம்.

கழற்றும் முன் இரண்டு செய்திகள். இரவு மின்சுற்றின் வயர்களைப் பிடுங்கிவிடாமல் அப்படியே விடச் சொல்லுங்கள், பிறகு மறுபடி இழுப்பது பெருஞ்செலவு. ஹீட்டர் 1970களின் நடுப்பகுதிக்கு முந்தையது என்றால் உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். மாடல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பி, அதைக் கையாளத் தகுதி பெற்றவர் பார்த்துச் சொல்லும்வரை யாரையும் திறக்கவிடாதீர்கள்.